தேயிலைச் சாய நிற வைனும் ஒரு துண்டுப் பாணும்

"...உயிரோடை இருக்கிறவனுக்கு ஒருத்தரும் பாண் வைக்கிறேல்லை எண்டு அவருக்குச் சொல்லு, தம்பி," என்றார் அண்ணை. குரலை உயர்த்தவில்லை. மேசையில் நண்டுக் கோதுகள், வைன் கிளாஸ்கள், நடுவில் பேக்கரிப் பாணில் ஒரு துண்டு. அதன் இரண்டு ஓரங்களிலும் தேயிலைச் சாயம்போல ஈரம் ஊறிக்கொண்டிருந்தது.

சொல்ல வேண்டியவன் நான். என் வாயில் ஆங்கிலம் வரவில்லை.

புலம்பெயர்ந்து வந்த சென் ஜேம்ஸ் ரவுணில் நானும் அண்ணையும் ஒரே அப்பார்ட்மெண்டில் இருந்தோம். சொந்தமில்லை, வாடகையைப் பங்குபோட்டதில் வந்த உறவு. பக்கத்துக் கதவு ஜோர்ஜியாக்காரருடையது. கறுப்புக் கடலோரத்தில் அவருடைய ஊரிலும் சண்டை. செத்த தமையனைப் புதைக்கக்கூட முடியாமல் ஓடிவந்தவர். எலிவேற்றரில் கண்ட முதல் நாளே, "உங்கள் சண்டை முடிந்ததா?" என்று கேட்டார். "இல்லை. உங்களுடையது?" என்றேன். "முடிந்தது. தோற்றுவிட்டோம்," என்றார், மழை விட்டுவிட்டது என்பதைப்போல.

இலையுதிர் காலத்தில் அவர் பெட்டி பெட்டியாக வெள்ளைத் திராட்சை வாங்கிவந்து நசித்து, தோல், விதை எல்லாவற்றோடும் பீப்பாவில் ஊறப்போட்டார். ஊரில் மண்ணுக்குள் புதைத்த பெரிய சாடியில் செய்வார்களாம். இங்கே அலுமாரிக்குள், போர்வை சுற்றி. "பத்தாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போக?" என்பார். நான் கோப்பை கழுவிய ரெஸ்ரோரண்டில் வைனுக்கு இரண்டே நிறம். இதுவோ பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறம். "பிறந்தது வெள்ளையாகத்தான். தோலோடு வளர்ந்ததால் இப்படி," என்று அவர் சொன்னதை, என் சொந்த வசனம்போல எத்தனையோ பேருக்குச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அண்ணைக்கு ஒரே மகன். ஊர் முழுக்க இடம்பெயர்ந்த பிறகு அவனிடமிருந்து சேதி இல்லை. "விசாரிக்கிறம்" என்ற ஆட்களும் பிறகு கூப்பிடுவதை விட்டார்கள். பிள்ளையார் படத்துக்கு முன்னால் மகனுடைய படத்தை வைத்து, அண்ணை காலையும் மாலையும் விளக்குக் கொளுத்துவார். படத்துக்கு மாலை போடவில்லை. அந்த வித்தியாசம் எங்கள் ஆட்களுக்கு விளங்கும்.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு மத்தியானம் ஜோர்ஜியாக்காரர் தெளிந்த வைனில் ஒரு போத்தலும், பாணும், வால்நட்டும் உள்ளிப்பூண்டும் அரைத்து வைத்துச் சுருட்டிய கத்தரிக்காயும் கொண்டுவந்தார். எங்கள் சாப்பாட்டில் எதற்கு இந்த வைன் சேரும் என்று பார்க்க வேண்டுமாம். அண்ணை நண்டுக் கறியும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் வைத்திருந்தார். நான் போத்தலை ஃபிரிட்ஜுக்குள் வைக்கப்போக, ஜோர்ஜியாக்காரர் பறித்துக்கொண்டார். "குளிரில் இது வாய் திறக்காது."

அண்ணை ஒரு மிடறு குடித்தார். "நாக்கை ஆரோ துவாயாலை துடைச்ச மாதிரிக் கிடக்கு."

மொழிபெயர்த்தேன். அது தோலின் பிடி என்று அவர் சிரித்தார். நண்டோடு குடித்தபோது எங்கள் வாயெல்லாம் எரிந்தது. உறைப்பையும் கசப்பையும் வைன் இரண்டு மடங்காக்கிவிட்டது. இறைச்சிக் கொழுப்பை நன்றாகத்தான் வழித்துக்கொண்டு போனது. ஆனால் கத்தரிக்காயை மென்றுகொண்டு குடித்தபோதுதான் தோடம்பழத் தோலும் தேனும் கலந்த வாசம் மெல்ல எழும்பியது.

"நண்டோடை சம்பந்தம் சரிவராது," என்றார் அண்ணை. "கத்தரிக்காய்க்குத்தான் உது மாப்பிள்ளை." மாதக்கணக்கில் நான் கேட்காத பகிடி. பிறகு படத்தைப் பார்த்து, "உவனும் கத்தரிக்காய் எண்டா விடான்," என்றார்.

ஜோர்ஜியாக்காரரும் அந்தப் பக்கம் திரும்பினார். அவர்கள் வழக்கத்தில் யாரையாவது நினைத்து ஒரு வார்த்தை சொல்லாமல் கிளாஸைத் தொடக்கூடாது. செத்தவர்களை நினைத்தால் ஒரு துண்டுப் பாணில் சில துளி வைன் விட்டு அப்படியே வைக்க வேண்டும். உயிருள்ளவர்கள் அதைத் தின்பதில்லை. இதை எங்களுக்கு விளக்கிச் சொல்லி, தமையனுக்கு முதலே விட்டிருந்தார். படத்துக்கு முன்னால் விளக்கு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். எழுந்து நின்றார். "இந்தப் பிள்ளைக்கும்," என்று பாணின் மற்ற ஓரத்தில் துளிகளை விட்டார்.

அண்ணையைத் தெரிந்த நாங்கள் எல்லோரும் மனதுக்குள் எப்போதோ சொல்லிவிட்டிருந்ததுதான். வாய் திறந்து சொன்னவர் அவர் ஒருவர்.

உயிரோடிருப்பவனுக்குப் பாண் வைப்பதில்லை என்று அண்ணை சொன்னதை ஒருவழியாக ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். ஜோர்ஜியாக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். பாணை எடுத்துவிடக் கையை நீட்டினார். அண்ணையின் கை முந்திக்கொண்டது. பாணை நடுவால் பிய்த்தார். தமையனுக்கு விட்ட பாதியை இருந்த இடத்திலேயே வைத்தார். மற்றப் பாதியைத் தன் வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.