நாற்காலி மெத்தையை யார் வாங்குகிறார்கள்?

பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். எல்லோருக்கும் அவள் துருவி. எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால்கூட, "இந்த நாற்காலி எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பாள்.

அந்தக் குணம்தான் அவளுக்குச் சோறு போட்டது. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனபோது, தனக்கென்று ஒரு நாற்காலி மெத்தை தைத்தாள். நடுவில் சின்னப் பள்ளம், பின்பக்கம் கொஞ்சம் உயரம். நாற்காலிக் கடை வைத்திருந்த அவள் அண்ணன் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் நாலு தைச்சுக் குடு" என்று வாங்கிப்போய்க் கடை வாசலிலேயே வைத்தார். வாங்கினவர்களுக்கெல்லாம் துருவி போன் போடுவாள். எங்கே வலிக்கிறது, எத்தனை நேரம் உட்காருகிறீர்கள், வீட்டில் யார் அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று ஒன்று விடாமல் கேட்பாள். சிலர் எரிந்து விழுவார்கள், பலர் குடும்பக் கதையையே சொல்வார்கள். அடுத்த மெத்தை முன்னதைவிட நன்றாக வரும். அவளும் கணவரும் பின்கட்டில் மிஷின்களைப் போட்டு, 'இதம்' என்று பேர் வைத்து, அதை ஒரு கம்பெனியாகவே ஆக்கிவிட்டார்கள்.

பிறகுதான் கணவருக்கு ஆன்லைன் ஆசை பிடித்தது. மெத்தைகள் மூட்டை மூட்டையாக ஆன்லைன்காரர்களின் கிடங்குக்குப் போயின. அங்கிருந்து யார் வீட்டுக்குப் போகின்றன என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். தள்ளுபடியும் அவர்கள் வைத்ததுதான். சிலர் வேறு மெத்தையைத் திருப்பி அனுப்பி ஏமாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆன்லைனுக்குப் போகிறவற்றின் ஓரத்தில் மட்டும் அடையாளத்துக்காக துருவி பச்சை நூலில் தையல் போட்டாள். வியாபாரம் ஏறியது. ஆனால் போன் போட அவளிடம் ஒரு நம்பர்கூட இல்லை. அண்ணனும் மெத்தை கேட்டு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார், வீட்டுப் பக்கமும் எட்டிப் பார்க்கவில்லை. அதைப் பற்றி மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"உங்க அண்ணன் வேற கம்பெனி மெத்தைக்கு மாறியிருப்பாரு, விடு" என்றார் கணவர். அவள் விட்டாள். ஆனால் மனசு விடவில்லை.

இப்போது ஆன்லைன்காரர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். எங்களிடம் மட்டும் விற்றால் உங்கள் மெத்தையை எல்லோருக்கும் முதலில் காட்டுவோம், ஆனால் வெளிக்கடைகளுக்கு ஒன்றுகூடக் கொடுக்கக்கூடாது என்றார்கள். கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அவங்க அனுப்பின கணக்கைப் பாரேன், நம்ம ஏரியாவுலதான் விற்பனை அதிகம்! இங்கேயே இத்தனை பேருக்கு இடுப்பு வலி!"

"யாரு அவங்க?"

"யாரா இருந்தா என்ன? சாயந்திரம் கையெழுத்துப் போடணும், சீக்கிரம் வந்துடு."

கையெழுத்துப் போட்டால் அண்ணன் கடைக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதில் துருவிக்கு இஷ்டமில்லை. போதாததற்கு, அந்த 'இத்தனை பேர்' யார் என்று மண்டையைக் குடைந்தது. கொஞ்ச நாளாகவே பஸ்ஸிலும் பாங்கிலும் அவள் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்த்தாள். ஒரு பாங்க் மானேஜர் கூச்சப்பட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

அன்று மத்தியானம் மூக்குக்கண்ணாடியைச் சரிபார்க்கக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கல்லாவில் இருந்த பெண்ணின் நாற்காலியில் 'இதம்' மெத்தை. ஓரத்தில் பச்சை நூல்!

"ஒரு நிமிஷம் எழுந்திரும்மா. ஆன்லைன்லதானே வாங்கினே? எப்படி இருக்கு? இடுப்பா, முதுகா?"

"ஆன்லைனா? இல்லக்கா, பின்தெரு நாற்காலிக் கடையில வாங்கினேன். வேற கம்பெனி இருந்தா காட்டுங்கன்னேன். இதுல உக்காந்து பாத்துட்டு அப்புறம் பேசுன்னாரு."

துருவி கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள்.

அண்ணன் கடைக்குள் ஆன்லைன் அட்டைப்பெட்டி ஒன்றைக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பச்சை நூல் மெத்தை எட்டிப் பார்த்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல அவர் கத்தியை மேஜையில் வைத்தார்.

"அண்ணே, நீயா?"

"நீ எனக்குக் குடுக்கற விலையைவிட அங்க கம்மியா வருது. நான் என்ன பைத்தியக்காரனா? ஒரு ஆளுக்கு இவ்வளவுதான்னு நிறுத்திடறான். அதனால உங்க அண்ணி பேர்ல, பசங்க பேர்ல, மாடி வீட்டுக்காரர் பேர்லன்னு வாங்கறேன்."

"வேற மெத்தைக்கு மாறிட்டேன்னு நெனச்சேன்."

"மாறலாம்னு ஒண்ணு ரெண்டு வரவழைச்சேன். உக்காந்து பாத்தேன். திருப்பி அனுப்பிட்டேன்." அவர் வேறு பக்கம் பார்த்தார். "உக்காந்தா எந்திரிக்க மனசு வரலைன்னு ஆன்லைன்ல உன் மெத்தைப் படத்துக்குக் கீழ எழுதினது உங்க அண்ணிதான்."

அந்த வரியை துருவி எத்தனையோ தடவை படித்திருந்தாள். எழுதினது யாராக இருக்கும் என்று யோசித்து யோசித்துத் தூங்கிப்போயிருக்கிறாள். இப்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே. விலையைக் குறைச்சுக் குடுத்திருப்பேனே."

"கேட்டிருக்கலாம்தான்." அண்ணன் அவளை நேராகப் பார்த்தார். "முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் போன் போட்டு எங்க வலிக்குதுன்னு கேக்கறவ நீ. நான் ஏன் நிறுத்தினேன்னு ஒரு தடவையாவது கேட்டியா?"

கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து கேட்காமல் இருந்தது துருவிக்கே அப்போதுதான் தெரிந்தது.

கைப்பையில் போன் அடித்தது. கணவர்தான்.

"எங்க இருக்கே? ஆள் வந்தாச்சு, பேனாவோட உக்காந்திருக்காரு."

"இன்னிக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிடுங்க. நம்ம ஏரியாவுல வாங்கறது யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"யாரு?"

"எல்லாம் ஒரே ஆளு. வந்து சொல்றேன்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். வழக்கமாக வாங்கினவர்களிடம் பேசுகிறபோது வருகிற அந்தக் குரலைத் தேடிப் பார்த்தாள். வரவில்லை. தங்கையின் குரல்தான் வந்தது.

"சரி, இப்ப கேக்கறேன். எங்கண்ணே வலிக்குது?"

அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்து, பெட்டியிலிருந்த புது மெத்தையை அதன்மேல் போட்டார்.

"உக்காரு. சொல்றதுக்கு நேரமாகும்."