பூராடத்துக்காரியின் அர்ச்சனை

கந்தன் காலைப் பிடிச்சவங்க எல்லாருக்கும் இதைச் சொல்றேன். எனக்கு இடது காது இன்னைக்கும் கேட்காது. அடிச்சவர் என் வீட்டுக்காரர்.

தொண்ணூறுகளில் டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் குத்துச்சண்டை வீரர், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசாங்க வேலை. எனக்கு அங்கே பேரே கிடையாது, 'பாக்ஸர் பாபி', அதாவது பாக்ஸர் வீட்டு அண்ணிதான். தினமும் மொட்டைமாடியில் அவர் குத்திப் பழக, குத்தைத் தாங்குற மெத்தை மாதிரி பேடை நான் ரெண்டு கையிலும் பிடிச்சு நிற்கணும். மேட்சில் தோத்தார்னா பேட் இல்லாமலே விழும். விலா எலும்பு விரிசல் விட்டிருக்கு. ஒரு தடவை முடியைப் பிடிச்சு இழுத்து, சூடான தோசைக்கல்லில் கையை வச்சு அழுத்தினார்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? செவ்வாய்க்கிழமை தவறாம மலை மந்திர் முருகன் கோயிலுக்கு ஏறி, "முருகா, அவர் ஜெயிக்கணும்"னு அவர் பேருக்கு அர்ச்சனை பண்ணேன். ஜெயிச்சா அடிக்கமாட்டார்னு நம்பிக்கை.

ஒரு நாள் ஜெயிச்சார். காலனியே திரண்டு மாலை போட்டுது. எனக்கும் ஒண்ணு போட்டாங்க. வீட்டுக்குள்ள வந்ததும், "ஜெயிச்சது நானா, நீயா?"ன்னு அந்த மாலையாலேயே கழுத்தை நெரிச்சு முகத்தில் குத்தினார். ரெண்டு பல் போச்சு.

அடுத்த செவ்வாய் குருக்கள் வழக்கம்போல அவர் பேரைச் சொல்ல ஆரம்பிச்சார். "வேண்டாம் சாமி, என் பேருக்கு"ன்னேன்.

"சொல்லுங்கோ. நட்சத்திரம்?"

பூராடம் நூலாடாது, தாலி கழுத்தில் தங்காதுன்னு ஊரில் சொல்வாங்க. அதுக்குப் பயந்து அம்மா கல்யாணத்தப்போ வேற நட்சத்திரம் சொல்லிட்டா. நானும் வாயைத் திறந்ததில்லை. அன்னைக்குச் சொன்னேன். "தமயந்தி. பூராடம்." அழுதுட்டேன். அவர் ஜெயிக்க வேண்டாம் முருகா, நான் சாகக் கூடாதுன்னு மட்டும் கேட்டேன்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், சப்பாத்தி கருகிடுச்சுன்னு எழுந்து வந்தார். இடது தோள் இறங்கிச்சு. அது இறங்கினா அடுத்து வலது கை வரும். பேட் பிடிச்சவளுக்குத் தெரியாதா? ஆனா அதுவரைக்கும் ஒரு தடவைகூட நான் விலகினதில்லை. அன்னைக்கு என்னைக் குனிய வச்சது அந்த வேலன்தான். குத்து இரும்பு பீரோவில் இறங்கிச்சு. எலும்பு நொறுங்கின சத்தம் எனக்கே கேட்டுது. அவர் அலறிக்கிட்டே உட்கார்ந்துட்டார். நான் வெறுங்காலோட பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். "அந்தர் ஆ ஜா, பேட்டி", உள்ளே வா மகளேன்னு பஞ்சாபி ஆன்ட்டி உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாங்க. அப்புறம் நான் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

இப்போ டெல்லியிலேயே முனிர்காவில் ஒரு ரூம். அங்கே தங்கிப் படிக்கிற பொண்ணுங்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தர்றேன். 'தமயந்தி தீதி', தமயந்தி அக்கான்னு கூப்பிடுறாங்க. ஒவ்வொரு தடவையும் மனசு நிறைஞ்சு போகுது.

அடியும் வாங்கிக்கிட்டு, அவர் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிற அக்கா தங்கச்சிங்களே, ஒரு தடவை உங்க பேரு, நட்சத்திரம் சொல்லிக் கேட்டுப் பாருங்க. முருகன் கைவிடமாட்டான். பூராடம் நூலாடாதுன்னாங்க. சரிதான், நூல் இல்லை. கழுத்து இருக்கு.