சம்பந்தி வந்த நாளில் நிற்காத தண்ணீர்

என் மகனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த நாள் அது. கொழிஞ்சாம்பாறையில் கடும் கோடை. முந்தின நாள்தான் என் கணவர் கழிப்பறை ஃப்ளஷுக்குப் புதுப் பொத்தான் மாட்டியிருந்தார். காலையில் அமுக்கினால் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. மாடித் தொட்டியில் இருந்ததோ பாதித் தண்ணீர்.

பொத்தானைத் தட்டினேன், இழுத்தேன். பலனில்லை. அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டுப் போய்க் காபி கொடுத்தேன். எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டுமே கேட்டது.

பெண்ணின் அம்மா மெல்ல என்னிடம் வந்தார். "ஏனுங்க, பாத்ரூம் எங்கீங்க?"

எனக்கு வியர்த்துவிட்டது. "ரிப்பேருங்க. தண்ணி நிக்கவே மாட்டேங்குது" என்றேன். சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். பொத்தானைத் திருகிக் கழற்றினார். அதன் அடியில் இருந்த குச்சியைக் காட்டி, "இது நீளமா இருந்து, உள்ள இருக்கற வால்வ அமுக்கிட்டே இருக்குதுங்க. எங்கூட்லயும் இப்படித்தான் ஆச்சு" என்றார். குச்சியைத் திருகிக் குட்டையாக்கி மறுபடி மாட்டினார். தண்ணீர் நின்றது.

"உள்ள வரும்போதே பயமா இருந்துச்சுங்க. இத்தன பெரிய ஊடு, எம்பொண்ணப் புடிக்குமோ என்னமோன்னு" என்றார், ஈரக் கையைத் துடைத்தபடி.

நானும் பயந்ததைச் சொன்னேன். நாங்கள் சிரித்த சிரிப்பில் கூடத்தில் பேச்சே நின்றுவிட்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்களும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.