கொடியில் காய்ந்த சாரம்

மே பதினேழு, நோர்வேயின் தேசிய நாள்; ஒஸ்லோவில் ஊர்வலம். மகள் நோர்வேக் கொடியை முதுகில் தொங்கவிட்டுக் கழுத்தில் முடிந்திருந்தாள். அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்கு என் சின்ன வயது நினைவுக்கு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம், யாழ்ப்பாணம். அண்ணன் கொண்டுவந்த சித்திரக்கதையில் ஒரு வீரன் தன் நாட்டுக் கொடியையே உடுத்திக்கொண்டு எதிரிகளை அடித்து வீழ்த்துவான். எனக்கும் அப்படியொன்று வேண்டும்.

“அம்மா, எங்கடை கொடி எங்கை?”

“கிணத்தடியிலை கட்டிக்கிடக்கு. என்னத்தைக் காயப்போடப்போறாய்?”

ஓடிப்போய், அந்தத் துணிக்கொடியில் காய்ந்த, அப்பா இடுப்பில் உடுக்கும் சாரத்தை உருவி முதுகில் கட்டிக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்தேன். தெருமுனையில் இராணுவ வண்டி; அப்பா பின்னால் வந்து சாரத்தைப் பிடித்திழுத்தார்.

“உள்ளை வா பிள்ளை, றோட்டாலை ஆமி வருது!”

“அம்மா, சின்னனிலை உங்கடை கொடி எது?” என்றாள் மகள், ஒஸ்லோ வீட்டு வாசலில் நின்று.

“உன்ரை அம்மப்பான்ரை சாரம்தான், என்ரை அப்பான்ரை.”

சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினாள். அவள் முதுகுக் கொடியைப் பிடித்திழுக்க என் கை தானாக நீண்டது.