தேவானையின் பெருவிரல்

தேவானையின் இட்லியைத் தெப்பக்குளத்தில் போட்டால் மிதக்கும் என்று மயிலாப்பூரில் ஒரு பேச்சு உண்டு. போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. மீன்கள் முந்திக்கொண்டதால் முடிவு இன்றுவரை தெரியவில்லை.

குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் கடை. விடியுமுன்பே அடுப்பு மூட்டிக் குந்திவிடுவாள். குதிகாலைத் தூக்கி, உடம்புப் பாரம் முழுவதையும் கால்விரல்களில் நிறுத்தி, அப்படியே மாவு ஊற்றுவாள், அப்படியே சட்னியும் பரிமாறுவாள். அறுபதை நெருங்கும்போது வலது கால் பெருவிரல் வம்பு செய்தது. அடிமூட்டில் சுண்டைக்காய் போல எலும்பு புடைத்தது. விரல் மடங்க மறுத்தது. நடக்கையில் காலை ஊன்றி எடுக்கிற அந்த நொடியில் உயிர் போய்த் திரும்பும். எருக்கிலை கட்டினாள், செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் கொடுத்தாள். கண்ட பலன், மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் அந்த விரல் சொல்ல ஆரம்பித்ததுதான். குடை எடுக்கலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் ஆபீஸ் போனார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில், பக்கத்துத் தரும ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூட்டம் வாசல்வரை நின்றது. டாக்டர் தணிகாசலம் விரலை ஒரு பார்வை பார்த்து மாத்திரை கொடுக்கச் சொன்னார். இது என்ன நோவு என்று கம்பவுண்டரிடம் கேட்டாள். “பெருவிரல் வியாதிம்மா” என்றார் அவர். சரியாக அப்போது வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நடுவிலிருந்த விரலை பஸ் தின்றுவிட்டது. தேவானையின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது பெருவியாதி மட்டும்தான்.

குஷ்டத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். பெயரை உச்சரித்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் நடுங்கிய காலம். சேதி வெளியே போனால் தன் கை இட்லியை நாய்கூடத் தொடாது, சந்தைவிட்டே விரட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. காலைத் துணியால் சுற்றிக்கொண்டாள். கை சுளுக்கு என்று சொல்லி, ரிக்‌ஷா இழுக்கும் புருஷன் தங்கவேலை மாவு ஊற்ற வைத்தாள். அவன் இட்லியைச் சோதிக்கக் குளம் தேவைப்படவில்லை, வயிற்றிலேயே மூழ்கியது.

பாண்டிபஜார் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் கனகராஜ், திருநெல்வேலிக்காரர், தினசரி வாடிக்கை. அவர் தட்டை அவள் விறகுக்குச்சியால் தள்ளினாள்.

“என்னக்கா, மயிலாப்பூர் மடி உங்களுக்கும் ஒட்டிக்கிடுச்சோ?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

பாயையும் டம்ளரையும் அவள் தனியே ஒதுக்கியபோதுதான் தங்கவேல் விடாமல் கேட்டான். சொன்னாள். அவன் அவள் டம்ளரை எடுத்து, மிச்சமிருந்த டீயைக் குடித்தான்.

“இத்தினி வருசமா உன் எச்சியத்தான் துன்னுக்கினு கீறேன். இனிமே எங்க ஓட்றது? ஏறு வண்டில.”

தங்கவேல் சொன்னதைக் கேட்டு, டாக்டர் இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் காலெல்லாம் தடவினார். தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னாள். தோலில் தேமல் எதுவும் இல்லை. பிறகு பெருவிரலைப் பிடித்து மேலே வளைத்தார். அவள் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் அடையாறுவரை போய்த் திரும்பின.

“பெருவியாதின்னா மரத்துப்போகும்மா. உனக்கு என்னமா வலிக்குது பாரு” என்றார் டாக்டர். “இது மூட்டுத் தேய்மானம். பெருவிரல்ல வந்த வியாதி, அவ்வளவுதான்.”

அந்த வியாதியே வந்திருந்தாலும் மாத்திரை உண்டு, யாரையும் விரட்ட வேண்டியதில்லை என்றும் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். தேவானை தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

“வலிக்குது சார். நல்லா வலிக்குது” என்றாள், பிள்ளை பாஸான சேதி சொல்கிறவள் போல.

தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் வலியை அடக்கி வைக்கலாம் என்றார். விரல் மேல் குந்தக் கூடாது. விரலை நெருக்காத, வளையாத தடித்த அடி உள்ள செருப்பு வேண்டும். வெந்நீரில் கால் வைக்கலாம். வலி மிஞ்சினால் மட்டும், சாப்பிட்ட பிறகு மாத்திரை. திடீரென்று சிவந்து, வீங்கிச் சுட்டால் உடனே வரவேண்டும்.

தங்கவேல் லாரி டயரில் செருப்புத் தைத்து வாங்கினான். அதைப் போட்டு நடந்தால் சந்தில் லாரி வருகிறதென்று ஆட்கள் ஒதுங்கினார்கள். அடுப்பைச் செங்கல் அடுக்கி உயர்த்தி ஒரு முக்காலியும் போட்டான். பாதம் தரையில் படிய, மகாராணி மாதிரி உட்கார்ந்து அவளே மாவு ஊற்றினாள்.

கால் எப்படி இருக்கிறது என்று கனகராஜ் விசாரித்தார்.

“அது பாட்டுக்கு வலிச்சிக்கினு கீது, நைனா” என்றாள். முன்னைப்போல அவ்வளவு இல்லை. இருந்த கொஞ்ச வலியும் அவளுக்கு வேண்டியதாகத்தான் இருந்தது.

தட்டைத் தள்ளிய குச்சி அடுப்புக்குள் எரிந்துகொண்டிருந்தது. கேட்காமலே இன்னோர் இட்லியைக் கையால் எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.