இஞ்ஞாசி மாமா தூக்காத கை

எங்கள் மணவாளத்துறையில் வள்ளத்து இன்ஜின் மக்கர் செய்தால் இஞ்ஞாசி மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர் மட்டுமல்ல, கடியப்பட்டணத்துக்குக் கிழக்கே அடுத்தடுத்துக் கிடக்கும் எட்டுக் கரைகளிலும் அவர்தான் மெக்கானிக். போன இடத்தில் சாயங்காலம் பயல்கள் பந்து ஆடினால் கையைத் துடைத்துக்கொண்டு விசில் ஊத நின்றுவிடுவார். இன்ஜின்காரன் காத்துக் கிடப்பான்.

நான் பிறப்பதற்கு முன் ஒரு இறுதி ஆட்டம் அடிதடியில் முடிந்திருக்கிறது. ஒரு ஊர், திருவனந்தபுரத்திலிருந்து கூலிக்கு நாலு ஆட்டக்காரர்களை இறக்கியதுதான் காரணம். மூன்று வருசம் அந்த இரண்டு ஊர்களுக்குள் பேச்சில்லை, பெண் கொடுப்பதில்லை. மாமாதான் கரை கரையாக நடந்து எட்டு ஊரையும் ஒரு சங்கத்தில் சேர்த்தார். ஒரு பள்ளிக்கூட நோட்டில் மூன்று சட்டம் எழுதினார். அந்தந்தக் கரையில் பிறந்தவன்தான் ஆட வேண்டும். தோற்ற அணிக்கு ஜெயித்த ஊர் வீட்டுக்கு ஒருவராக அன்று சோறு போட வேண்டும். எதை மாற்றுவதானாலும் எட்டு ஊரின் கையும் எழும்ப வேண்டும்.

பதினாறு வயதில் நான் எங்கள் ஊர்க் கோல் கீப்பர். எட்டுக் கரைகளில் ஒன்றான புதுக்கரையிடம் நாலு கோல் வாங்கினேன். அன்று சோற்றுக்கு எனக்கு விழுந்தது ஜெஃப்ரின் வீடு. நாலில் மூன்று அவன் அடித்தது. அவன் அம்மா ராகேல் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் வைத்துவிட்டு, “தின்னு மக்கா. பந்துதான் கையில நிக்கல்ல, இதாவது நிக்கட்டு” என்றார். அழுகையும் சிரிப்புமாகத் தின்றேன். சென்னையில் படித்த மூன்று வருசமும், விடுதிச் சாப்பாட்டில் மீன் என்று எதையாவது வைத்தால் எனக்கு அந்த வீடு ஓர்மை வரும். தோற்றவனுக்குத்தான் அப்படியொரு குழம்பு கிடைக்கும்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாக நான் திரும்பி வந்தபோது, மாமா சங்க நோட்டை என் கையில் கொடுத்தார். “நீ எழுது மக்கா. எனக்க எழுத்த எனக்கே வாசிக்க முடியல்ல.” அன்று வீட்டில் அதை எல்லோருக்கும் காட்டினேன். இரண்டு வருசம் கழித்து எழுத வேண்டி வந்ததுதான் கஷ்டம்.

அந்த வருச மே மாதப் போட்டியில், புதுக்கரை சார்பில் பிகாஷ் என்ற ஒடிசாப் பையன் ஆடி இரண்டு கோல் அடித்தான். தோற்றது எங்கள் ஊர். கூட்டம் எங்கள் வலைக்கூடத்தில் நடந்தது. ஊருக்கு ஒரு பிரதிநிதி. எங்கள் ஊருக்கு மாமா. “புதுக்கரைக்கு எதிரா நம்ம ஊரு கை எழும்பணும். இல்லேண்ணா அடுத்த வருசம் அந்த எடம் உமக்கில்ல” என்று ஊர்க் கமிட்டி முந்தின நாளே அவரிடம் சொல்லியிருந்தது.

கூட்டம் பார்க்க வந்திருந்த எங்கள் அணித்தலைவன் எட்சன் ஆரம்பித்தான். “ஏலே ஜெஃப்ரின், இன்னைக்கு ஒடிசா, நாளைக்கு நைஜீரியாக்காரனையும் எறக்குவியா? பின்ன துட்டுள்ள ஊருதான் ஜெயிக்கும்.”

புதுக்கரைப் பிரதிநிதியாக வந்திருந்த ஜெஃப்ரின் எழுந்தான். “கூலிக்கா வந்தான்? நாலு வருசமா எனக்க வள்ளத்துல வல இழுக்கான். வள்ளம் மறிஞ்சா அவன் ஒடிசாக் கடல்லயா விழுவான்? எங்ககூடத்தான விழுவான்?”

“சட்டம் என்ன சொல்லுகு?”

“சட்டம் எழுதினப்ப ஒங்க வள்ளத்துல வெளியாளு உண்டா?”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். “ஜெஃப்ரின், நீ செய்தது தப்பு. மாத்தணும்னா இங்க வந்து கேக்கணும். கேக்காம எறக்கினா மத்த ஏழு பேரும் மடையனுவளா? பிகாஷ் ஆடப்பிடாது.”

எட்சன் பக்கம் கைதட்டல். அந்தச் சூட்டிலேயே அடுத்த தீர்மானம் வந்தது: புதுக்கரையைச் சங்கத்திலிருந்து நீக்குவது. குற்றம் சாட்டப்பட்ட ஊருக்குக் கை கிடையாது, மீதி ஏழும் எழும்பினால் போதும் என்று பேசி முடித்தார்கள். கைகள் எழும்பின. எண்ணினேன். ஆறு.

மாமாவின் இரண்டு கைகளும் முழங்கால் மேல் இருந்தன. நகக்கண்ணில் இன்ஜின் கரி.

“மாமா, கை” என்றான் எட்சன்.

“பயல வெளிய நிறுத்தியாச்சு. அது போதும். ஊரையும் வெளிய தள்ளிட்டா, பின்ன எந்தச் சட்டத்த அவன்கிட்ட சொல்லுவிய?”

“அது நம்ம ஊருக்க கை. ஒமக்க சொந்தக் கை இல்ல.”

“அதுவும் சரிதான்” என்றார் மாமா. கை எழும்பவில்லை. தீர்மானம் விழுந்ததாக எழுதினேன்.

ஜெஃப்ரின் நன்றி சொல்வான் என்று வாசல்வரை போனேன். “எங்க பயலத் தடுத்ததும் அவருதான்” என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டான்.

மாமா வீட்டில் அவர் மனைவி குளோரி மாமி காத்திருந்தார். “ரெண்டு கரையும் ஏசுகாம். நல்ல சம்பாத்தியம். இரியும், சாயாவக் குடியும். பொறவு நான் ஏசுகேன்.”

அந்தப் போட்டியின் மீதி ஆட்டங்களைப் புதுக்கரை பத்துப் பேரோடு ஆடியது. பிகாஷின் இடத்தில் வேறு ஆளை இறக்கவில்லை. வலது ஓரம் காலியாகக் கிடந்தது. அரையிறுதியில் தோற்று, ஜெயித்த ஊருக்குச் சோற்றுக்குப் போனபோது மட்டும் பதினோரு பேர். பிகாஷையும் கூட்டிப் போயிருந்தார்கள். சாப்பிடத் தடை என்று நோட்டில் எங்கும் இல்லை.

அடுத்த வருசம் மாமாவின் பிரதிநிதி இடம் எட்சனுக்குப் போனது. விசிலும் போனது. எங்கள் ஊரிலேயே சிலர் குளச்சலிலிருந்து மெக்கானிக் கொண்டுவந்தார்கள். மாமா கோட்டுக்கு வெளியே மணலில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். இருபது வருசத்துக்கு மேல் உள்ளே ஓடிய மனிதர். பக்கத்தில் உட்கார எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

மூன்று வருசம் ஒரு கரையில் தொழில் செய்தவனும் ஆடலாம் என்று சட்டத்தை மாற்றக் கேட்டு அந்த வருசம் ஜெஃப்ரின் தீர்மானம் கொண்டுவந்தான். அவன் கையோடு இன்னொரு கைதான் எழும்பியது. இந்த மே மாதமும் கொண்டுவந்தான். விழுந்தது. “அடுத்த வருசமும் வருவேன்” என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

நான் வெளியே வந்தபோது மாமா ஒரு வள்ளத்துக்கடியில் இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“எத்தன கை?”

“அஞ்சு மாமா.”

“அஞ்சா?” தலையை வெளியே நீட்டினார். “எட்சன் தூக்கினானா?”

“இல்ல.”

“அவனுக்க வள்ளத்துலயும் இப்ப ரெண்டு ஒடிசாப் பயலுவ உண்டு, கேட்டியா” என்றவர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை எடுத்துத் தரச் சொன்னார்.