வளைந்து போன சக்கரத் தடம்

டங்... டங்... டங்... பக்கத்து மனையில் அடித்தளம் போடுகிறார்கள். இரும்பின் தலையில் இரும்பு விழும் அந்த ஓசை கேட்டதும் நான் வீட்டில் இல்லை. கோலசிலாங்கூருக்கு வடக்கே, பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டின் நடுவே வகிடு எடுத்ததுபோல் நீண்டு கிடக்கும் ஒரு புல்வெளியில், உச்சி வெயிலில் நிற்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. புக்கிட் பெருந்துங்கில் எனக்கு வீடு. வாடகை வேன் ஓட்டுகிறேன். ஒரு வெளிநாட்டு ராணுவப் பெண் அதிகாரியை அழைத்துப் போகும் வேலை வந்தது. அமைதி காக்கும் படையின் சரக்கு விமானங்கள் அவசரத்துக்கு எங்கெங்கே இறங்கலாம் என்று நாடு நாடாகப் போய் ஓடுபாதைகளை அளப்பதுதான் அவர் தொழில். முறையான அனுமதியோடு வந்திருந்தார். நான் வேனும் ஓட்ட வேண்டும், மொழியும் பெயர்க்க வேண்டும்.

அந்தச் செம்பனைத் தோட்டத்தில், முன்பு மருந்து தெளிக்கும் சிறு விமானங்கள் இறங்கிய மண் ஓடுபாதை ஒன்று இருந்தது. அதிகாரி வேனில் ஏறி அதைச் சுற்றிப் பார்க்கவில்லை. முனையிலிருந்து முனைவரை நடந்தார். கூரான இரும்புக் கம்பியை மண்ணில் நிறுத்தி, அதன் மேல் ஒரு இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போட்டார். எத்தனை அடிக்குக் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்பதில் மண்ணின் பலம் தெரிந்துவிடுமாம். வியர்வை கண்ணில் வழிய, மண்டியிட்டு, குறித்துக்கொண்டு, எழுந்து, மறுபடி நடந்து... நான் நிழல் தேடிக்கொண்டிருந்தேன்.

தோட்ட மேனேஜர் எங்களுடனே வந்தார். தமிழர். ஓடுபாதை தேறிவிட்டால் நல்ல சாலை வரும், தோட்டத்துக்குப் பெயர் வரும் என்ற ஆசை அவர் நடையிலேயே தெரிந்தது.

பாதி தூரத்தில் அதிகாரி நின்றார். புல் வெட்டும் டிராக்டரின் சக்கரத் தடம் நேராக வந்து, ஓரிடத்தில் வளைந்து, பிறகு மறுபடி நேராகப் போனது. வெட்டும்போது ஏன் சுற்றிப் போக வேண்டும்? டிராக்டர் ஓட்டுபவரைக் கூப்பிடச் சொன்னார்.

வந்தவள் நாற்பது வயதுப் பெண். ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டுக்கு மேல் தொப்பி. வருடா வருடம் மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு அடுத்த வருட வேலை. தடம் ஏன் வளைகிறது என்று அவளிடம் தமிழில் கேட்டேன்.

"அங்க முன்ன பெரிய வாய்க்கா ஓடுச்சுண்ணே. மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. மேல பாத்தா கெட்டியாத்தான் இருக்கும், அடியில ஒண்ணுமில்ல. போன மழைக்கு என் டிராக்டரே பொதஞ்சு போய், லோரிய வச்சு இழுத்தோம். இதுல பிளேன் எறங்குனா முன்சக்கரம் உள்ள போயிரும்லா!"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான்.

நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது அவருக்குப் பிடிக்காததைச் சொல்லாமல் இருப்பது எங்களுக்கு யாரும் கற்றுத் தராமலே வந்துவிடும். அங்கே சம்பளம் வாங்காத எனக்கும் அது வந்தது. மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்குமாம் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

அதிகாரி என்னையே பார்த்தார். "அவர் இவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் ஒரு வரிதான் சொன்னீர்கள்."

நான் மேனேஜரைப் பார்த்துக்கொண்டே, "அது வந்து..." என்று இழுத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் திணறல் புரிந்துவிட்டது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய்த் தடம் வளைந்த இடத்தில் நின்று, பூட்ஸ் குதிகாலால் ஓங்கி மிதித்து, அதிகாரியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"உன்ன யாரு கேட்டா?" என்றார் மேனேஜர், பல்லுக்குள்ளே.

"யாரும் கேக்கலதான் சார். பிளேன்ல ஏறி வர்றவங்க அடியில வாய்க்கா இருக்கான்னு கேக்கவா போறாங்க? வேலய விட்டுத் தூக்குனா தூக்கிக்குங்க."

அதிகாரி அந்த இடத்தில் கம்பியை நிறுத்திக் குண்டைப் போட்டார். மற்ற இடங்களில் அடி மேல் அடி வாங்கியும் அசைய மறுத்த கம்பி, அங்கே இரண்டே அடியில் சேற்றைக் குடித்துக்கொண்டு உள்ளே போயிற்று. நான் அப்போதுதான், தலையைக் குனிந்துகொண்டு, விட்டுப்போன சொற்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதன் பிறகு அவள் முன்னால் நடந்தாள், அதிகாரி பின்னால் நடந்தார். இன்னும் மூன்று இடங்களைக் காட்டினாள். ஒருத்திக்கு மண்ணின் எண்கள் தெரியும். ஒருத்திக்கு மண்ணின் குணம் தெரியும். பொதுமொழி ஒன்றும் இல்லை. விரலும் தலையசைப்பும் போதுமாக இருந்தன.

முடிவில் அதிகாரி மேனேஜரிடம் வந்தார். கனரக விமானத்துக்கு இது ஆகாது, ஹெலிகாப்டருக்கு ஆகும் என்றார். பிறகு சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது: "பல இடங்களில் குழியை மூடி மறைத்துக் காட்டுவார்கள். உங்கள் தோட்டத்து ஊழியர் உண்மையைச் சொன்னார் என்று அறிக்கையில் எழுதப் போகிறேன். அடுத்த ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் அவரைத்தான் தேடுவார்கள்." மேனேஜர் அந்தப் பெண்ணிடம் போய் ஏதோ பேசினார்.

எவ்வளவோ பேரை எங்கெங்கோ இறக்கிவிட்டிருக்கிறேன். ஆனால் மற்றவர் சொல்லைச் சுமந்து போவதும் ஆளைச் சுமந்து போவது மாதிரிதான், பாதி வழியில் இறக்கிவிடக் கூடாது என்பதை, அந்த வெயிலில் நின்ற இரண்டு பெண்களிடம்தான் கற்றேன்.

வேனைக் கிளப்புமுன் அவளிடம் போய், "மன்னிச்சிரும்மா, நீ சொன்னத நான் முழுசாச் சொல்லல" என்றேன். அவள் டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்து சிரித்தாள்.

"நாளைக்கு வழக்கம்போல ஏழு மணிக்கு வரச் சொல்லிட்டாருண்ணே. எனக்கும் சேத்து நீங்க பயந்தது போதும், போயிட்டு வாங்க."